நடுச்சுவர்

புதன்கிழமை காலை கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் ஒரு வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்து உடைந்த ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புனிதா போன் செய்தாள். "அக்கா, நான் லோகன் வீட்டுக்காரி பேசுறேன்" என்றாள். வைத்துவிடலாமா என்று நினைத்தேன். லோகன் ஒரு காலத்தில் எனக்கும் புருஷன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என்னைப் பண்டமாரான் வீட்டிலிருந்து செந்தூலுக்கு, என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று வருஷம் கழித்து இவளைக் கட்டிக்கொண்டான். எனக்கும் இவளுக்கும் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது என்று ஒரே நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. அந்த வீட்டுக் கூரை மறுபடியும் தொங்குகிறதாம். வெள்ளிக்கிழமை மாஸ்டர் சின்னையா வந்து பரிகாரம் செய்யப்போகிறாராம். பரிகாரம் முடிந்ததும் புனிதா மூன்று மாதம் அவள் அம்மா வீட்டில் போய் இருக்க வேண்டுமாம். "உங்களையும் மூணு மாசம்னு சொல்லித்தானே அனுப்புனாங்க?" என்று கேட்டாள். ஆமாம், மூன்று மாதம் என்றுதான் சொன்னார்கள். ஒன்பதாவது மாதம் வக்கீல் கடிதம் வந்தது.

"நான் வரேன்" என்றேன். அவளைக் காப்பாற்றப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் மேல் எனக்குப் பாசமும் கிடையாது, பரிதாபமும் கிடையாது. நான் பழி வாங்கத்தான் போனேன்.

என்னை அனுப்பியதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கூரை தொங்கியதற்கு நான் காரணமாம்.

அது எழுபதுகளில் கட்டிய, மாடி இல்லாத வரிசை வீடு. லோகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மேற்பார்வையாளர் வேலை கைக்கு வந்து நழுவிப்போன வருத்தத்தில் இருந்தபோது, அவன் அம்மா வீரம்மா பிரிக்பீல்ட்ஸ் போய் வாஸ்து மாஸ்டர் சின்னையாவைப் பார்த்துவிட்டு வந்தார். சேலைக்கடை மாடியில் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வாசல் மாற்றிக் கொடுக்கிறவர் அவர். காரில் வந்து இறங்கினார், கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த சுவரைத் தட்டி, "இது பிரம்மஸ்தானம். இங்க பாரம் இருக்கக் கூடாது. வீட்டோட வயித்துல கட்டி மாதிரி நிக்குது" என்றார். அடுத்த வாரமே சுவரை உடைத்தார்கள். ஹால் பெரிதாகிவிட்டது. வீரம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பெரிய டிவி வாங்கி மாட்டினார்.

நான்கு மாதத்தில் கூரை முகடு நடுவில் இறங்கியது. ரோட்டில் நின்று பார்த்தால் பக்கத்து வீட்டு முகடு கோடு போட்டதுபோல் நேராகப் போகும், எங்கள் வீட்டுக்கு வந்ததும் தொய்யும். சிலிங்கில் விரிசல் விட்டது, பின்னறைக் கதவு சாத்த முடியாமல் இறுகிக்கொண்டது. மாஸ்டர் மறுபடியும் வந்தார். இந்த முறை திசைகாட்டியை எடுக்காமல் என் நட்சத்திரத்தைக் கேட்டார். ஆயில்யம் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆயில்யத்தில் பிறந்த மருமகள் முகட்டுக்கு நேர் கீழே புழங்கினால் முகடு தாழும், கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, என்னை அனுப்பினார்கள். லோகன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நானும் அழுது தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். நான் போனதும் கூரை நின்றுவிட்டது. உண்மையாகவே நின்றுவிட்டது. வீரம்மா கோவிலில், கல்யாண வீட்டில், பாசார் சந்தையில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அவ போன நாள்லேர்ந்து ஒரு அங்குலம் எறங்கல." அது செந்தூல் வரைக்கும் வந்தது. என் தங்கை விஷ்ணுப்ரியாவின் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மேடைப் பக்கம் வந்துவிடாதே, கொஞ்ச நேரம் சமையல் கூடத்தில் இரு என்று என்னைப் பெற்ற அம்மாவே சொன்னார். அம்மா அதை நம்பினார். நம்பிக்கொண்டே ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். நானும் இரண்டு வருஷம் நம்பினேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூரை நின்றுவிட்டதே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பிழைப்புக்காக மேரு ரோட்டில் கூரை வேலை எடுத்துச் செய்யும் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். சிலிங்கில் ஆள் ஏறிப் பார்ப்பதற்கு ஒரு சதுரத் துளை இருக்கும். அங்கிருந்த ஆட்கள் எல்லோருக்கும் தொந்தி. ஒருநாள் பூச்சோங்கில் ஒருத்தன் துளையில் மாட்டிக்கொள்ள, தவுக்கே என்னைப் பார்த்தார். நான் அப்போது ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன். டார்ச்சை வாங்கிக்கொண்டு ஏறினேன்.

மேலே போய் நிமிர்ந்து பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. முகட்டு உத்தரம் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து இந்தப் பக்கத்துச் சுவருக்கு இருபதடிக்கு மேல் நீண்டு கிடந்தது. அதை நடுவில் இரண்டு மரத்தூண்கள் முட்டுக் கொடுத்துத் தாங்கின. அந்தத் தூண்கள் நின்றது வீட்டின் நடுச்சுவர் மேல். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் சுவர். எங்கள் வீட்டில் உடைத்தார்களே, அதே சுவர். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதலாகக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் கிளார்க் நாற்காலியில் உட்காரவில்லை. பத்து வருஷத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் ஏறாத தாமான் குடியிருப்பு குறைவு. இப்போது எனக்கென்று லோரி இருக்கிறது, என்னோடு ராஜனும் இன்னும் மூன்று பேரும் வேலை செய்கிறார்கள். பழைய வீட்டுக் கூரை ஏன் தொங்குகிறது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன். அந்தக் காலத்தில் லேசான தகட்டுக்காகப் போட்ட மரச்சட்டத்தின் மேல் பிறகு சிமெண்ட் ஓடுகளை ஏற்றினீர்கள். வெயிலில் காய்ந்தும் மழையில் ஒழுகியும் மரம் ஐம்பது வருஷமாக அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. உள்ளே கரையான், மேலே தண்ணீர்த் தொட்டி, போதாததற்குக் கீழே முட்டுக் கொடுத்ததையும் உடைத்துவிடுகிறீர்கள். தொங்காமல் என்ன செய்யும்? யார் நட்சத்திரமும் யார் ராசியும் இதில் கிடையாது.

எப்போது கை வைக்க வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. தொய்ந்த கூரை எல்லாமே விழுந்துவிடாது. இருபது வருஷத்துக்கு முன் இறங்கி அப்படியே நின்ற கூரையை நான் தொடவே மாட்டேன், விட்டுவிடுங்கள் என்பேன். இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். விரிசலுக்குள் தூசியும் ஒட்டடையும் இருந்தால் பழையது. வெள்ளை வெளேரென்று இருந்தால் புதிது. போன மாதம் சாத்திய கதவு இந்த மாதம் சாத்தவில்லை என்றால் அதற்கு மேல் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை லோகன் வேலைக்குப் போன பிறகு, வீரம்மா முட்டிவலிக்கு கிளினிக் போயிருந்த நேரமாகப் பார்த்து நானும் ராஜனும் பண்டமாரான் போனோம். அந்த கேட்டைத் தாண்டும்போது கால் கொஞ்சம் தயங்கியது. புனிதா வாசலில் நின்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பயந்த முகம், ஆனால் காரியக்காரி. சிலிங் விரிசல் முடியும் இடத்தில் வாராவாரம் மைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தாள். மூன்று வாரத்தில் விரிசல் ஒரு விரல் நீளம் வளர்ந்திருந்தது. நானே அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பேன். அதைப் பார்த்தபோது அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கூரை மேல் புதிதாகப் பாரம் ஏறாமல் இப்படி இறங்காது. போன தீபாவளிக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். சுடுதண்ணீருக்குக் கூரை மேல் சூரிய ஹீட்டர் வைத்தார்களாம். தண்ணீர் நிரம்பினால் நாலு ஆள் பாரம், அதை நடுமுகட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். இப்போது ஏன் மறுபடியும் இறங்குகிறது என்பதற்கு அது போதும். பன்னிரண்டு வருஷம் ஏன் நின்றது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நடுச்சுவர் இல்லாத கூரை நின்றிருக்கக் கூடாது. பத்து வருஷமாக எனக்கு விடை கிடைக்காத கேள்வி அது.

துளை வழியாக ஏறினேன். உள்ளே சூடு முகத்தில் அறைந்தது. டார்ச்சை அடித்ததும் தெரிந்தது: முகட்டு உத்தரத்தின் இரண்டு பக்கமும் புதிதாக ஒரு சட்டம் வைத்து இரும்புப் பட்டை போட்டு போல்ட் முறுக்கியிருந்தார்கள். நல்ல வேலை இல்லை, ஆனால் பன்னிரண்டு வருஷம் தாங்கியிருக்கிறது. இப்போது ஹீட்டர் பாரத்தில் பட்டை வளைந்து, ஒரு போல்ட் மரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் சட்டத்திலேயே வீட்டுக்காரர் பெயர், தேதி, என்ன கோளாறு என்று பென்சிலால் எழுதி வைப்போம், பின்னால் வருகிறவனுக்கு உதவும் என்று. நான் தேடினேன். இருந்தது. மலாய்க்கார ஆள் யாரோ எழுதியிருந்தான். லோகன். 16/3/13. தெம்போக் தாக் ஆடா. சுவர் இல்லை என்று அர்த்தம்.

என்னை அனுப்பியது ஏப்ரல் பன்னிரண்டு. இது மார்ச் பதினாறு.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஈப்போவில் வீரம்மாவின் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. நானும் வீரம்மாவும் இரண்டு நாள் போயிருந்தோம். ஓவர்டைம் இருக்கிறது என்று லோகன் வரவில்லை. ஆக, ஆள் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். சுவரை உடைத்ததுதான் காரணம் என்று அந்த ஆள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். லோகன் சத்தமில்லாமல் சட்டம் வைத்து மூடியிருக்கிறான். அதற்குப் பிறகு நான்கு வாரம் கழித்து, கூரை என்னால் தொங்குகிறது என்று சொல்லி என்னை அனுப்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்திருக்கிறான்.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. டார்ச்சை அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி வந்தேன். என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று புனிதா கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு அது எல்லோர் முன்னாலும் வேண்டும்.

லோரியிலிருந்து இரும்பு முட்டுத்தூணை இறக்கச் சொன்னேன். மாடி கட்டும்போது கீழே நிறுத்துவார்களே, கைப்பிடியைச் சுற்றினால் உயரும் சிவப்புத் தூண், அதுதான். ஹாலின் நட்ட நடுவில், மாஸ்டர் சுவரை உடைக்கச் சொன்ன அதே இடத்தில் நிறுத்தி, மேலே பலகை வைத்து இறுக்கினோம். இது பழிக்காகச் செய்ததில்லை. அன்றைக்கு அதை வைக்காமல் வந்திருந்தால் நான் கூரைக்காரி என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லை. ஆனால் அது நின்ற இடத்தைப் பார்த்தபோது எனக்குப் பரம திருப்தி.

சாயங்காலம் லோகன் போன் செய்தான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு, நாளைக்கு மாஸ்டர் வருவதற்கு முன்னால் அந்த இரும்பை எடுத்துவிட முடியுமா என்பதுதான். எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டேன். பத்து என்றான். நானும் பத்துக்கே வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். லோகனின் பெரியப்பா வீட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். வீரம்மாவுக்கு வயதாகிவிட்டது, கைத்தடி பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லோகனுக்கு முடி கொட்டிப்போயிருந்தது. மாஸ்டர் மட்டும் அப்படியே இருந்தார், இன்னும் கொஞ்சம் மினுமினுப்பாக. சிவப்புத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரம்மஸ்தானத்தில் இரும்பு நின்றால் பரிகாரம் செய்ய முடியாது, முதலில் அதை எடுக்க வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எடுக்கலாம் மாஸ்டர்" என்றேன். "நான் எடுக்க மாட்டேன், நீங்க எடுங்க. கட்டடத்துல குறை இல்லன்னு சொன்னது நீங்கதானே? இந்தக் கைப்பிடியை ரெண்டு சுத்து சுத்துனா போதும். மத்தவங்க எல்லாம் ரோட்டுக்குப் போயிருங்க."

ராஜன் எல்லோரையும் வெளியே போகச் சொன்னான். பெரியப்பா வீட்டார்தான் முதலில் போனார்கள், செருப்பைக்கூட மாட்டவில்லை. புனிதா வீரம்மாவைக் கைபிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லோகனும் அவர்கள் பின்னால் போய்விட்டான். ஹாலில் நானும் மாஸ்டரும் தூணும் மட்டும்தான். உண்மையில் அவர் சுற்றினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. திருகு அசையாதபடி முதல் நாளே கம்பி போட்டுக் கட்டிவிட்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

மாஸ்டர் கைப்பிடியில் கை வைத்தார். அண்ணாந்து விரிசலைப் பார்த்தார். கையை எடுத்தார். ராகு காலம் தொடங்கிவிட்டது, இந்த நேரத்தில் எதையும் அசைக்கக் கூடாது என்றார். ராகு காலம் முடியும்வரை இருக்கிறேன் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வாசலுக்குப் போய்விட்டார். வெளியே எல்லோரும் வெயிலில் நின்றார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தக் கூரையின் கீழே தனியாக உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷமாக என்னால்தான் தொங்குகிறது என்று சொன்ன கூரை. இத்தனை நிம்மதியாக நான் அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

நேரம் முடிந்ததும் போய்க் கூப்பிட்டேன். ராகு காலம் போய்விட்டது, வாருங்கள் மாஸ்டர் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸில் ஆள் காத்திருக்கிறது என்றார். தோள்பட்டை வேறு சரியில்லையாம். வீரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், கூரைல குறை இல்லன்னா எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். "ஏன் பயப்படுறீங்க?"

அவர் காரில் ஏறினார். கொண்டுவந்த பூஜைச் சாமான் பையைக்கூட எடுக்கவில்லை.

அதற்காகத்தான் நான் வந்தேன் என்று முதல் நாள் காலையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது நடந்துவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாஸ்டர் எனக்கு யார்? அவர் யாரோ ஒரு ஆள், ஊரை ஏமாற்றிச் சாப்பிடுகிறவர். என் பக்கத்தில் படுத்தவன் வாசலில் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

தூண் அசையாது, பயப்படாமல் வாருங்கள் என்று எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். கம்பிக் கட்டைக் காட்டினேன். பிறகு பின்னறையில் துளைக்குக் கீழே ஏணியைச் சாத்தினேன்.

"லோகன், மேல ஏறி அந்தச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படி" என்றேன். அவன் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அதெல்லாம் இப்ப எதுக்கு என்று முணுமுணுத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று வீரம்மா கேட்டார். புனிதா அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள். ஏறியே பழக்கமில்லாதவள், ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். மேலே அவள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு குரல் கேட்டது.

"லோகன். பதினாறு, மூணு, பதிமூணு. தெம்போக் தாக் ஆடா."

இரண்டாவது தடவையும் படித்தாள். வீரம்மாவுக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும். பதினாறு, மூணு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். விரலை மடக்கினார். "ஈப்போ காதுகுத்துக்கு நாங்க போனப்பவா?" என்று மகனைக் கேட்டார்.

லோகன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஆள் வந்து பாத்துட்டு, செவுர ஒடச்சதுனாலதான்னு சொன்னான்மா. அதுக்குள்ள மாஸ்டர் சொல்லிட்டாரு, நீங்களும் ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. பழி ஏற்கெனவே அவ மேல விழுந்திருச்சு. நான் நடுவுல போயி என்னத்தச் சொல்றது?"

அவன் என்னை வெறுத்திருப்பான், வேறு யாரையாவது நினைத்திருப்பான் என்றெல்லாம் முதல் நாள் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றுமே இல்லை. சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லச் சோம்பல்பட்டதற்காக என் வாழ்க்கையைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அவன் என்னை வெறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

புனிதா இறங்கி வந்தாள். தலையெல்லாம் தூசி. நேரே படுக்கையறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம், ஜிப் இழுக்கும் சத்தம். அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெரியப்பா மனைவி, அவசரப்படாதே என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார். புனிதா ஒரு பையோடு வெளியே வந்து லோகனின் காலடியில் வைத்தாள். ஜிப் முழுக்க மூடவில்லை, அவனுடைய துறைமுகச் சட்டைகள் தெரிந்தன.

"நீங்க மூணு மாசம் உங்க பெரியப்பா வீட்ல இருங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க இல்லாம கூரை நிக்குதான்னு பாப்போம்."

லோகன் அம்மாவைப் பார்த்தான். ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தான். வீடு அவர் பெயரில் இருக்கிறது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் புனிதாவால் ஒன்றும் செய்ய முடியாது. வீரம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போ" என்றார்.

அவன் போனான். பெரியப்பா வீட்டாருக்கு வேறு வழியில்லை, காரில் ஏற்றிக்கொண்டார்கள். ராஜன் ஏணியை மடித்துக்கொண்டு வெளியே போனான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனசார இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்போது வீரம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவரே எழுந்து வந்தார், முட்டிவலியோடு, அந்தச் சிவப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு.

"தெரியாம சொல்லிட்டேன் அமுதா. என்னை மன்னிச்சிரு."

இந்த வார்த்தைக்காகப் பத்து வருஷம் காத்திருந்தேன். லோரி ஓட்டும்போது, ஓடு மாற்றும்போது, தனியாகச் சாப்பிடும்போது, அவர் இதைச் சொல்வதாகவும் நான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டுவதாகவும் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது கேட்டபோது எனக்குச் சமையல் கூடத்தின் சூடுதான் ஞாபகம் வந்தது. வெளியே மேளம் கொட்டிக்கொண்டிருக்க, அண்டாக்களுக்கு நடுவில் என் தங்கையின் தாலியைப் பார்க்காமல் நின்றது.

"எங்கம்மா நீங்க சொன்னதை நம்பிக்கிட்டே செத்தாங்க, அத்தை" என்றேன். "அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? நான் மன்னிக்க மாட்டேன். திங்கக்கிழமை இரும்பு உத்தரத்தோட வரேன், கூரையை நேராக்கிக் குடுத்திர்றேன். அதுக்கு மேல எங்கிட்ட எதையும் கேக்காதீங்க."

வேலை மூன்று வாரம் நடந்தது. ஹீட்டரை இறக்கினோம், பிய்ந்துபோன சட்டத்தை மாற்றினோம், நடுச்சுவர் இருந்த இடத்துக்கு மேலே இரும்பு உத்தரம் ஏற்றி அதன்மேல் முகட்டைத் தூக்கி நிறுத்தினோம். இதுவரை நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. புனிதா நூல் பிடித்து உதவி செய்தாள். வீரம்மா தினமும் பத்து மணிக்கு எங்களுக்கு டீ கலக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு மட்டும் சர்க்கரை குறைத்து, நான் அந்த வீட்டில் இருந்தபோது குடித்த மாதிரியே. ராஜன் தன்னுடையதை எடுத்துக் குடிப்பான். நான் என்னுடையதைத் தொடவில்லை, கடைசி நாள் வரைக்கும்.